குளிர் எங்கே போகிறது? – தரவு மையக் குளிரூட்டலும் காற்றோட்ட உருவகமும்



சென்ற ஆண்டு தொழிற்பயிற்சிக்காக ஜொகூரில் உள்ள ஒரு தரவு மையத்தில் பன்னிரண்டு வாரங்கள் இருந்தேன். முதல் நாளே தடித்த மேலங்கி ஒன்றைக் கொண்டு வரச் சொன்னார்கள். வெளியே கொளுத்தும் வெயில். உள்ளே விரல்கள் விறைத்துப் போகும் குளிர். இரண்டாவது வாரம், அங்கிருந்த ஒரு சிறிய கூடத்தில் வெப்ப எச்சரிக்கை வந்தது. குளிரூட்டும் இயந்திரங்கள் 20 பாகை செல்சியஸ் காற்றை வெளிவிட்டுக் கொண்டிருந்தன. ஆனால், ஓர் அடுக்கின் மேல்தட்டில் இருந்த கணினிகள் 33 பாகைக் காற்றை உள்ளிழுத்துக் கொண்டிருந்தன.

அங்கிருந்தோர் செய்தது நாமெல்லாம் வீட்டில் செய்வதுதான். குளிரைக் கூட்டினார்கள். 20 பாகை 18 ஆனது. மேல்தட்டின் வெப்பநிலையும் அதே இரண்டு பாகைதான் இறங்கியது; 31 பாகையில் நின்றது. எச்சரிக்கை ஓயவில்லை; மின்சாரச் செலவு மட்டும் கூடியது. எனக்குப் பெரும் புதிராக இருந்தது வேறொன்று. சூடேறிய அந்த அடுக்குதான் குளிரூட்டும் இயந்திரத்திற்கு மிக அருகில் இருந்தது!

அடுப்புக்கு அருகில் இருப்பவருக்குத்தானே சூடு அதிகம்? அப்படியானால் குளிருக்கு அருகில் இருப்பது ஏன் சூடாகிறது? இந்தக் கேள்வியே என் இறுதியாண்டு ஆய்வாக மாறியது. அதற்கு விடை தேடக் கணினியில் காற்றோட்டத்தை உருவகப்படுத்தினேன். அந்தத் துறையின் அடிப்படைகளையும், அதில் நான் செய்த ஒரு பெரிய தவற்றையும் இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறேன். பொறியியல் பயிலாதவர்களும் புரிந்துகொள்ளும் வகையில் எழுத முயன்றுள்ளேன். கணக்கு எளிதாக அமைய, கூடத்தின் எண்களை முழு எண்களுக்கு நெருக்கமாக மாற்றியுள்ளேன்.

மின்சாரம் எல்லாம் வெப்பமே

நாம் கைப்பேசியில் அனுப்பும் படம், பார்க்கும் காணொளி, வங்கிக் கணக்கு, பல்கலைக்கழகப் பதிவு ஆகிய அனைத்தும் எங்கோ ஓரிடத்தில் உள்ள கணினிகளில் சேமிக்கப்படுகின்றன. இவ்வாறு ஆயிரக்கணக்கான கணினிகளை ஒரே கூரையின்கீழ் வைத்து இயக்கும் கட்டடமே தரவு மையம். அங்குள்ள கணினிகளைச் சர்வர் என்கிறோம். ஆளுயரத்திற்கும் சற்று மேலான இரும்புச் சட்டத்தில், புத்தக அலமாரியில் நூல்களை அடுக்குவதுபோல் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவார்கள். அந்தச் சட்டத்தை ரேக் என்பார்கள். இக்கட்டுரையில் அதை அடுக்கு என்றே குறிப்பிடுகிறேன்.

ஒரு சர்வர் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளியேறுகிறது. 10 கிலோவாட் மின்சாரத்தை உண்ணும் அடுக்கு, 10 கிலோவாட் அடுப்பைப் போன்றது. அந்த வெப்பத்தைச் சுமந்து செல்லும் வேலையைக் காற்று செய்கிறது. எவ்வளவு காற்று தேவை? நாம் படிவம் நான்கில் இயற்பியல் பாடத்தில் பயின்ற வாய்பாடே போதும்.

ஒரு நொடியில் அகற்றப்படும் வெப்பம் = காற்றின் அடர்த்தி × ஒரு நொடியில் ஓடும் காற்றின் கன அளவு × தன்வெப்பக் கொள்ளளவு × வெப்பநிலை உயர்வு

காற்றின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1.2 கிலோகிராம். அதன் தன்வெப்பக் கொள்ளளவு, ஒரு கிலோகிராமுக்கு ஒரு பாகைக்குச் சுமார் 1,005 ஜூல். சர்வரின் வழியே செல்லும் காற்று 12 பாகை சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 10 கிலோவாட் அடுக்கிற்கு நொடிக்கு ஏறத்தாழ 0.7 கன மீட்டர் காற்று வேண்டும். ஒரு சதுர மீட்டர் வாயுள்ள குழாயில் ஒரு நொடிக்கு 70 சென்டிமீட்டர் வேகத்தில் இடைவிடாது காற்று பாய்வதற்கு இது சமம். இரவும் பகலும் இந்த ஓட்டம் நிற்கக்கூடாது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வாய்பாட்டில் ‘எவ்வளவு குளிரான காற்று’ என்ற கேள்வியே இல்லை. எவ்வளவு காற்று ஓடுகிறது, அது எவ்வளவு சூடாகிறது என்பவை மட்டுமே உள்ளன. போதிய காற்று சர்வரின் முகப்பை அடையாவிட்டால், எவ்வளவு குளிரூட்டினாலும் பயன் குறைவே.

பந்தியும் காற்றும்

தரவு மையத்தில் அடுக்குகளை வரிசை வரிசையாக நிறுத்துவார்கள். சர்வர்கள் முன்பக்கம் காற்றை இழுத்துப் பின்பக்கம் விடுகின்றன. முற்காலத்தில் எல்லா வரிசைகளையும் வகுப்பறை நாற்காலிகளைப் போல ஒரே திசையை நோக்கி வைத்தார்கள். அதனால் முன்வரிசை வெளிவிட்ட சூடான காற்றைப் பின்வரிசை சுவாசித்தது. 1992-ஆம் ஆண்டு, ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ராபர்ட் சல்லிவன் என்ற பொறியியலாளர் இதற்கு ஒரு மாற்றைச் சொன்னார். இரண்டு வரிசைகளின் முகங்கள் ஒன்றையொன்று பார்க்கட்டும். முதுகுகள் ஒன்றையொன்று பார்க்கட்டும் என்பதே அது. முகங்களுக்கு நடுவே உள்ள நடைபாதை குளிர்பாதை. முதுகுகளுக்கு நடுவே உள்ளது வெப்பப்பாதை. இன்றும் பெரும்பாலான தரவு மையங்கள் இந்த அடிப்படையில்தான் அமைகின்றன.

அமைப்பு சரியாக இருந்தாலும் காற்று இரண்டு வகைகளில் வழி தவறும். இதைக் கோயில் அன்னதானப் பந்தியைக் கொண்டு விளக்கலாம். பரிமாறுபவர் சோற்று வாளியுடன் பந்தியைக் கடந்து, யாருக்கும் பரிமாறாமல் சமையலறைக்கே திரும்பி விடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுபோல், குளிர்ந்த காற்று சர்வர்களின் வழியே செல்லாமல் இயந்திரத்திற்கே திரும்புவது முதல் வகை. இதை வீண்சுற்று எனலாம். இரண்டாவது வகை இதன் விளைவு. பசித்தவர் பொறுத்திருக்க மாட்டார். சர்வரின் விசிறியும் அப்படித்தான். குளிர்பாதையில் போதிய காற்று இல்லையென்றால், அடுக்கின் தலைக்கு மேலாகவும் வரிசையின் ஓரமாகவும் வெப்பப்பாதையின் காற்றை இழுத்துக்கொள்ளும். இது மறுசுழற்சி. மேல்தட்டுச் சர்வர்களும் ஓரத்து அடுக்குகளும் முதலில் சூடாவதற்கு இதுவே காரணம்.

அருகில் இருந்தும் கிடைக்காத குளிர்

இப்போது என் புதிருக்கு வருகிறேன். நான் பார்த்த கூடத்தில் பொய்த்தரை போடப்பட்டிருந்தது. அதாவது, உண்மையான தரைக்கு மேலே கால்களை நட்டு, 600 மில்லிமீட்டர் சதுரப் பலகைகளை அடுக்கியிருந்தார்கள். குளிரூட்டும் இயந்திரம் காற்றை இந்த இடைவெளிக்குள் தள்ளும். குளிர்பாதையில் மட்டும் துளையிட்ட பலகைகள் இருக்கும். அவற்றின் வழியே காற்று மேலே வரும்.

பலகையின் வழியே எவ்வளவு காற்று வரும் என்பதைத் தீர்மானிப்பது, அதன் கீழேயுள்ள நிலையழுத்தம். இயந்திரத்திற்கு அருகில் காற்று மிக வேகமாகப் பாய்கிறது. வேகம் கூடிய இடத்தில் நிலையழுத்தம் குறையும். இது பெர்னூலி தத்துவம். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்கள் இதைப்போன்ற ஒன்றைக் கண்டிருப்பார்கள். மழை நாளில் பெரிய வடிகாலில் நீர் சீறிப்பாயும்போது, தொடக்கத்தில் உள்ள பக்கவாட்டு வாய்க்காலுக்குள் அதிகம் திரும்பாது, நேரே ஓடிவிடும். வடிகாலின் முடிவில் தடுப்பு இருந்தால், அங்கே நீர் தேங்கி உயர்ந்து பக்கவாட்டு வாய்க்காலில் நிறையப் பாயும். பொய்த்தரையின் கீழும் ஏறக்குறைய அப்படியே. இயந்திரத்திற்கு அருகிலுள்ள பலகைகளில் காற்று குறைவாக வரும். தொலைவில் அதிகமாக வரும். வேகம் மிகுந்தால், அருகிலுள்ள பலகை அறைக்காற்றைக் கீழ்நோக்கி உறிஞ்சவும் செய்யும்.

இந்த நடத்தையைக் கணினியின் துணைகொண்டு விளக்கியவர்களுள் சுஹாஸ் பட்டாங்கர் குறிப்பிடத்தக்கவர். மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் இலண்டன் இம்பீரியல் கல்லூரியிலும் பயின்று, அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர் அவர். 1972-இல் தம் ஆசிரியர் பிரையன் ஸ்பால்டிங்குடன் இணைந்து அவர் வெளியிட்ட ‘சிம்பிள்’ என்ற கணக்கீட்டு முறை இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. 1980-இல் அவர் எழுதிய பாடநூல் எங்கள் துறையில் இன்றும் கையாளப்படுகிறது. பிற்காலத்தில் அவரும் அவர் குழுவினரும் துளைப்பலகைகளின் காற்றோட்டத்தைக் கணக்கிடும் முறையை 2003-இல் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே, எச்.பி. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் சந்திரகாந்த் பட்டேல் குழுவினர் 2001-இல் முழுத் தரவு மையத்தையும் கணினியில் உருவகப்படுத்திக் காட்டியிருந்தனர்.

உருவகம் எப்படிச் செய்கிறோம்?

காற்றின் ஓட்டத்தை ஆளும் விதிகள் மூன்று. பொருண்மை அழியாது, உந்தம் காக்கப்படும், ஆற்றல் காக்கப்படும். இவற்றைச் சமன்பாடுகளாக எழுதலாம். ஆனால், ஒரு முழு அறைக்கு அவற்றைத் தாளில் தீர்க்க இயலாது. எனவே அறையைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு கட்டத்திற்கும் ‘உள்ளே வருவது எவ்வளவு, வெளியே போவது எவ்வளவு’ என்று கணினி கணக்குப் பார்க்கிறது. ஒரு கட்டத்திலிருந்து வெளியேறுவது அடுத்த கட்டத்திற்குள் நுழைகிறது. எல்லாக் கட்டங்களின் கணக்கும் பொருந்தும் வரை கணினி மீண்டும் மீண்டும் திருத்திக்கொண்டே செல்லும். இதைத்தான் கணிமைப் பாய்ம இயக்கவியல் என்கிறோம்.

எங்கள் கூடத்தின் அளவு 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். அதாவது 240 கன மீட்டர். 10 சென்டிமீட்டர் கட்டங்களாகப் பிரித்தால் 2 இலட்சத்து 40 ஆயிரம் கட்டங்கள் கிடைக்கும். 5 சென்டிமீட்டராகக் குறைத்தால் எண்ணிக்கை எட்டு மடங்காகி 19 இலட்சத்தைத் தாண்டிவிடும். ஆகவே, எங்கும் நுண்ணிய கட்டம் போடக்கூடாது. துளைப்பலகை, அடுக்கின் முகப்பு ஆகிய முக்கிய இடங்களில் நுண்ணியதாகவும், கூரையருகே பெரியதாகவும் அமைக்க வேண்டும்.

பணியின் படிகள் இவை:

1. அறையை அளந்து வடிவத்தை வரைதல்.
2. கட்டங்களாகப் பிரித்தல்.
3. எல்லை நிபந்தனைகளைக் கொடுத்தல். எந்த அடுக்கு எத்தனை கிலோவாட், அதன் விசிறி எவ்வளவு காற்றை இழுக்கிறது, இயந்திரம் எவ்வளவு காற்றை எத்தனை பாகையில் விடுகிறது ஆகியவை.
4. கொந்தளிப்பான ஓட்டத்திற்கு ஏற்ற கணித மாதிரியைத் தேர்ந்தெடுத்துத் தீர்த்தல்.
5. கட்டங்களை மேலும் நுண்ணியதாக்கி, விடை மாறுகிறதா எனச் சோதித்தல்.
6. உண்மையான அறையில் அளந்து ஒப்பிடுதல்.

இவற்றுள் ஆறாவது படியைப் பலர் தவிர்த்து விடுகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன்.

நான் செய்த தவறு

அக்கூடத்தில் இரண்டு வரிசைகளில் 16 அடுக்குகள் இருந்தன. ஒவ்வொன்றும் சராசரியாக 4 கிலோவாட். மொத்தம் 64 கிலோவாட். மேற்சொன்ன வாய்பாட்டின்படி நொடிக்கு 4.4 கன மீட்டர் காற்று வேண்டும். இரண்டு இயந்திரங்களும் சேர்ந்து 6 கன மீட்டர் தந்தன. தேவைக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு மிகுதி!

கட்டட வரைபடத்தை வைத்து முதல் உருவகத்தை அமைத்தேன். பொய்த்தரையின் கீழ்ப்பகுதியை விட்டுவிட்டு, எல்லாத் துளைப்பலகைகளிலும் காற்று சமமாக வருவதாக வைத்துக்கொண்டேன். இரண்டு இரவுகள் கணினி ஓடியது. நீலமும் பச்சையுமாக மிக அழகான படம் வந்தது. எந்த அடுக்கின் முகப்பும் 20 பாகையைத் தாண்டவில்லை. மகிழ்ச்சியோடு அதை அச்சிட்டு எடுத்துச் சென்று, கூடத்தைப் பராமரிக்கும் அண்ணனிடம் காட்டினேன். முப்பது ஆண்டுகளாகக் குளிர்சாதனப் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவர் அவர். படத்தைப் பார்த்தார். எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருந்த அடுக்கையும் பார்த்தார். பிறகு சொன்னார்:

“பிளான்ல ஓட்டை இருக்காது தங்கச்சி. தரையிலதான் இருக்கும்.”

உறிஞ்சு பிடியைக் கொண்டு பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். ஒவ்வோர் அடுக்கின் பின்னாலும் கம்பிகளை மேலே கொண்டுவர ஒரு சதுரத் துளை வெட்டப்பட்டிருந்தது. கம்பிகள் அத்துளையில் பாதியைக்கூட நிரப்பவில்லை. மீதிவழியே குளிர்ந்த காற்று வெப்பப்பாதைக்குள் சீறிக்கொண்டிருந்தது. அடுக்குகளில் சர்வர் இல்லாத தட்டுகள் திறந்தே கிடந்தன. அவற்றின் வழியாகப் பின்பக்கச் சூடு முன்பக்கம் கசிந்து வந்தது. இவை எதுவும் வரைபடத்தில் இல்லை. ஆகவே என் உருவகத்திலும் இல்லை.

அன்று கற்ற பாடத்தை நான் மறக்க மாட்டேன். கணினி பொய் சொல்லாது. ஆனால், நாம் கொடுத்த அறையைப் பற்றித்தான் அது உண்மை சொல்லும். நான் கொடுத்தது இல்லாத ஓர் அறை.

மீண்டும் அளந்தோம்

அடுத்த இரண்டு வாரங்கள் அளப்பதிலேயே சென்றன. காற்றை அளக்கும் கூண்டைத் துளைப்பலகைகள் ஒவ்வொன்றின் மீதும் வைத்தோம். அடுக்குகளின் முகப்பில் மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில் வெப்பநிலையைக் குறித்தோம். குளிர்பாதைக்கு வந்த காற்று மொத்தம் 3.3 கன மீட்டர் மட்டுமே. மீதி 2.7 கன மீட்டர் தரைத்துளைகளின் வழியே வீண்சுற்றாகியிருந்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். சர்வர்களுக்கு வேண்டியது 4.4; கிடைத்தது 3.3. குறைந்த 1.1 கன மீட்டரை, அதாவது கால் பங்கை, அவை வெப்பப்பாதையிலிருந்து இழுத்துக்கொண்டன. மொத்தத்தில் காற்று மிகுதி. வேண்டிய இடத்திலோ பற்றாக்குறை. அந்தப் பற்றாக்குறையும் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை. நிலையழுத்தம் குறைந்த, இயந்திரத்திற்கு அருகிலுள்ள பலகைகளில்தான் அது முழுவதும் விழுந்தது. என் புதிருக்கு இதுதான் விடை.

இயந்திரத்திற்கும் இது தெரியவில்லை. வீணான குளிர்காற்றும் சூடான காற்றும் கலந்து, அதனிடம் திரும்பி வந்தது 27 பாகைக் காற்று. அதன் பார்வையில் அறை நலமாகவே இருந்தது.

பொய்த்தரையின் கீழ்ப்பகுதி, கம்பித் துளைகள், திறந்த தட்டுகள் அனைத்தையும் சேர்த்து இரண்டாம் உருவகத்தை அமைத்தேன். இம்முறை அதே அடுக்கின் மேல்தட்டு செந்நிறத்தில் தெரிந்தது. அளந்த வெப்பநிலைக்கும் கணக்கிட்டதற்கும் பெரும்பாலான இடங்களில் வேறுபாடு ஒரு பாகைக்குள் இருந்தது. அதன் பிறகுதான் உருவகத்தை நம்பி, ‘இப்படிச் செய்தால் என்ன ஆகும்?’ என்று கேட்கும் உரிமை எனக்கு வந்தது.

மூன்று மாற்றங்களைக் கணினியிலேயே சோதித்தேன். கம்பித் துளைகளைத் தூரிகை விளிம்புகளால் அடைப்பது. வெற்றுத் தட்டுகளுக்கு மூடுதகடு போடுவது. குளிரை மேலும் 16 பாகைக்கு இறக்குவது. மூன்றாவது மாற்றம் எச்சரிக்கையை நிறுத்தியிருக்கும். ஆனால், மறுசுழற்சி அப்படியே இருந்திருக்கும். முதல் இரண்டும் சேர்ந்தபோது மறுசுழற்சியே பெரிதும் மறைந்தது. துளைகளை அடைத்ததும் தரையின் கீழ் நிலையழுத்தம் உயர்ந்தது; பலகைகளுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வும் குறைந்தது.

நிறுவனம் அந்த இரண்டையும் செய்தது. புதிய இயந்திரம் எதுவும் வாங்கப்படவில்லை.

முன்னேற்றத்தை எப்படி அளப்பது? 2002-இல் சர்மா, பேஷ், பட்டேல் ஆகியோர் ஓர் எளிய குறியீட்டை முன்வைத்தனர். சர்வர்களின் சராசரி உள்வரும் வெப்பநிலையிலிருந்து இயந்திரம் விடும் வெப்பநிலையைக் கழிக்க வேண்டும். அதைச் சராசரி வெளியேறும் வெப்பநிலைக்கும் இயந்திரம் விடும் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டால் வகுக்க வேண்டும். விடை சுழியத்தை நெருங்க நெருங்க நல்லது. எங்கள் கூடத்தில் முன்பு உள்வந்தது சராசரி 22, வெளியேறியது 34, இயந்திரம் விட்டது 18. எனவே குறியீடு 4-ஐ 16-ஆல் வகுக்க 0.25. அடைத்த பிறகு உள்வந்தது 19, வெளியேறியது 31. குறியீடு 1-ஐ 13-ஆல் வகுக்கச் சுமார் 0.08.

குளிரைக் குறைத்தால் என்ன கிடைக்கும்?

இப்போது துணிந்து குளிரைக் குறைக்கலாம். அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியியலாளர் சங்கமான ஆஷ்ரே, சர்வருக்குள் நுழையும் காற்று 20 முதல் 25 பாகை வரை இருக்கலாம் என 2004-இல் பரிந்துரைத்தது. 2008-இல் அதை 18 முதல் 27 பாகை வரை விரிவாக்கியது. சர்வருக்கு மேலங்கி போட வேண்டிய குளிர் தேவையே இல்லை. எங்கள் கூடத்தில் படிப்படியாக 22 பாகைக்கு ஏற்றினார்கள். மிகச் சூடான முகப்பும் 27 பாகையைத் தாண்டவில்லை.

விசிறியில் கிடைக்கும் பயன் இன்னும் பெரிது. விசிறி உண்ணும் மின்திறன் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வேகத்தை 15 விழுக்காடு குறைத்தால், 0.85-இன் மும்மடி 0.61, அதாவது மின்திறன் ஏறக்குறைய 39 விழுக்காடு குறையும். காற்றை வீணாக்காமல் இருந்தால்தான் விசிறியின் வேகத்தைக் குறைக்க முடியும்.

உருவகத்தின் மற்றொரு பயன், செய்து பார்க்க முடியாததைச் செய்து பார்ப்பது. குளிரூட்டல் திடீரென நின்றுவிட்டால் எவ்வளவு நேரம் இருக்கிறது? இயங்கும் கூடத்தில் இதைச் சோதிக்க யாரும் துணிய மாட்டார்கள். 240 கன மீட்டர் காற்றை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 290 கிலோஜூல் போதும். 64 கிலோவாட் வெப்பத்தில், காற்றை மட்டும் கணக்கிட்டால், 45 நொடிகளில் 10 பாகை ஏறிவிடும். இரும்புச் சட்டங்களும் சுவர்களும் வெப்பத்தை உறிஞ்சுவதால் உண்மையில் இது மெதுவாகவே நடக்கும். அது எத்தனை நிமிடம் என்பதை உருவகம் சொல்லும். விசிறிகளை மாற்று மின்சாரத்தில் இணைப்பதா என்ற முடிவு அந்த நிமிடங்களைப் பொறுத்தது.

நம் நாட்டுக்கு இது ஏன் முக்கியம்?

சுவீடனின் லூலியோ நகரில் ஃபேஸ்புக் நிறுவனத்தின் தரவு மையம் 2013 முதல் இயங்குகிறது. அங்கே வெளிக்காற்றே பெரும்பாலும் குளிரூட்டப் போதுமானது. நமக்கு அந்த வாய்ப்பு இல்லை. நம் காற்று ஆண்டு முழுவதும் சூடாகவும் ஈரமாகவும் இருக்கிறது. 27 பாகை வெப்பமும் 85 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றின் பனிநிலை சுமார் 24 பாகை. ஆஷ்ரேயின் பரிந்துரையிலுள்ள உச்சமோ 15 பாகை. ஆகவே, இங்கே குளிரின் ஒவ்வொரு துளியும் இயந்திரத்தால், காசு கொடுத்து உண்டாக்கப்படுவது.

சிங்கப்பூரின் மொத்த மின்பயன்பாட்டில் தரவு மையங்கள் 2020-இல் சுமார் 7 விழுக்காட்டை எடுத்துக்கொண்டன. 2019-இல் அந்நாடு புதிய தரவு மையங்களை நிறுத்தி வைத்தது. 2022-இல்தான் கட்டுப்பாடுகளோடு மீண்டும் திறந்துவிட்டது. 2023-இல் வெப்பமண்டலத் தரவு மையங்களுக்கென ஒரு தரநிலையை வெளியிட்டது. இயக்க வெப்பநிலையை 26 பாகைக்கும் அதற்கு மேலும் உயர்த்த அது வழிகாட்டுகிறது. ஒவ்வொரு பாகை உயர்வுக்கும் குளிரூட்டும் ஆற்றலில் 2 முதல் 5 விழுக்காடு மிச்சமாகும் என்பது அந்நாட்டு அதிகாரிகளின் மதிப்பீடு. இதற்கிடையே கட்டடங்கள் பாலத்தைக் கடந்து நம் பக்கம் வந்தன. செடனாக், கூலாய், இஸ்கண்டார் புத்திரி வட்டாரங்களில் தரவு மையங்கள் எழுந்துள்ளன. அவற்றுக்கு வேண்டிய மின்சாரமும் நீரும் நாம் அனைவரும் பகிர்ந்துகொள்ளும் மின்சாரமும் நீருமே. ஒரு தரைத்துளையை அடைக்காததன் செலவு அந்நிறுவனத்தின் கட்டணச் சீட்டோடு முடிந்துவிடுவதில்லை.

காற்றுக்கும் எல்லை உண்டு. செயற்கை நுண்ணறிவுக்கென 2024-இல் அறிவிக்கப்பட்ட என்விடியா நிறுவனத்தின் 72 செயலிகள் கொண்ட அடுக்கு சுமார் 120 கிலோவாட் உண்பது. அதைக் காற்றால் மட்டும் குளிரூட்ட நொடிக்கு 8 கன மீட்டருக்கு மேல் வேண்டும். எங்கள் கூடத்தின் இரண்டு இயந்திரங்களும் சேர்ந்து தந்த காற்று அந்த ஓர் அடுக்கிற்கே போதாது. எனவேதான் அது நீர்மத்தால் குளிரூட்டப்படுகிறது. ஒரே கன அளவுள்ள நீர், காற்றைவிட ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். ஆனாலும், நீர்மக் குளிரூட்டல் வந்த கூடங்களிலும் வெப்பத்தின் ஒரு பகுதியைக் காற்றுதான் எடுத்துச் செல்கிறது. காற்றின் வழியை அறிந்தவர்களுக்கு வேலை தீர்ந்துவிடவில்லை.

நிறைவாக

தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டில், சூடான காற்று மேலே எழும் என்பதைக் காட்ட, காகிதத்தைச் சுருள் வடிவில் வெட்டி மெழுகுவத்திக்கு மேலே தொங்கவிட்டார் எங்கள் அறிவியல் ஆசிரியை. அது சுழன்றதைக் கண்டு கைதட்டினோம். இடைநிலைப்பள்ளிக்குச் சென்றதும் பாடமொழி மாறியது. பல்கலைக்கழகத்தில் மீண்டும் மாறியது. காற்று மாறவில்லை. இக்கட்டுரையைத் தமிழில் எழுதியபோது, நான் சரியாகப் புரிந்துகொள்ளாமல் ஆங்கிலச் சொல்லாக மட்டுமே மனனம் செய்திருந்த இடங்கள் சிலவற்றைக் கண்டுபிடித்தேன். நிலையழுத்தம் அவற்றுள் ஒன்று.

தம்பி தங்கைகளே, இத்துறையில் ஆர்வம் இருந்தால் விலையுயர்ந்த மென்பொருளுக்காகக் காத்திருக்க வேண்டாம். 2004 முதல் இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்ஃபோம் மென்பொருளே தொடங்கப் போதும். உங்கள் விடுதி அறையை அளந்து, அதன் மின்விசிறியையும் சன்னலையும் வைத்து முதல் உருவகத்தைச் செய்யுங்கள். பிறகு, ஒரு வெப்பமானியை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் சென்று சரிபாருங்கள். இந்த இரண்டாவது வேலையை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

முன்னாள் மாணவர்களான அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜொகூரிலும் சைபர்ஜெயாவிலும் இப்பணியில் இருப்பவர்கள், பயிற்சிக்கு வரும் மாணவர்களைக் கணினி மேசையில் மட்டும் உட்கார வைக்காதீர்கள். ஒரு நாளாவது தரைப்பலகையைத் தூக்கிக் காட்டுங்கள். எனக்கு அப்படி ஒருவர் காட்டியிருக்காவிட்டால், அந்த நீலமும் பச்சையுமான படம்தான் இன்று என் ஆய்வேட்டின் அட்டையில் இருந்திருக்கும்.